கொடுமுடி சுந்தராம்பாள்

சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் சுங்குவார்சத்திரத்தைக் கடக்கிறவர்கள், தொழிற்சாலை வண்டிகளில் வேலைக்குச் செல்லும் இளம்பெண்களைக் காணாதிருக்க முடியாது. தூரத்து ஜில்லாக்களிலிருந்து வந்து, விடுதிகளில் தங்கி, தம் உழைப்பால் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் இவர்களுள் பலர். வெளியூர் சென்று பொருளீட்டும் பெண்ணை ஐயத்துடன் நோக்கும் வழக்கமோ நம் நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அவ்வழக்கத்தைத் தம் வாழ்க்கையாலேயே தலைகுனியச் செய்தவர் ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள். அவரது சரிதத்தை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

1908-ஆம் ஆண்டில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்த சுந்தராம்பாள், சிறு பிராயத்தில் ரயில் வண்டிகளில் பாடிப் பிழைக்க நேர்ந்தது. ரயில்வே உத்தியோகஸ்தரும் நாடக அபிமானியுமான எப். ஜி. நடேச ஐயர் அக்குரலின் அருமையை உணர்ந்தார். அவர் உதவியால் வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் தெளிவாய் எட்டியது அவரது சாரீரம். கடல் கடந்து இலங்கையிலும் அவர் புகழ் பரவிற்று.

நாடக மேடையில் தம்முடன் பாடி நடித்த செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை 1927-இல் அவர் மணந்தார். இருவரும் சேர்ந்து பாடிய நாடகங்களுக்கு ஜனங்கள் திரள் திரளாய் வந்தனர். ஆனால் 1933 டிசம்பரில், முப்பது வயதும் நிரம்பாமலே கிட்டப்பா காலமானார். இருபத்தைந்து வயதில் கணவனை இழந்த சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தார். இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார்.

இரவில் நடிகையின் பாட்டுக்குத் தலையாட்டிப் பகலில் அவளை இழிவாய்ப் பேசிய சமூகம் அது. அச்சமூகத்தின் நடுவே அவர் தமது தொழிலையும் விடவில்லை, விரதத்தையும் விடவில்லை. 1935-இல் நந்தனார் படத்துக்காக அவரை நாடி வந்தவர்களிடம் ஒரு லட்ச ரூபாய் ஊதியம் கேட்டார், பெற்றார். அந்நாளில் எவரும் கனவிலும் கருதாத தொகை அது. விரதத்துக்குப் பங்கம் வராதபடி, நந்தனாராக ஆண் வேடம் பூண்டே நடித்தார். படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. எனினும் தன் உழைப்பின் விலையையும், தன் மானத்தின் எல்லையையும் ஒரு பெண்ணே நிர்ணயிக்கலாம் என்பது அன்று நாடறிய ருசுவாயிற்று.

தம் குரலைத் தேசத்துக்கும் அவர் ஈந்தார். அந்நிய ஆட்சிக் காலத்திலேயே தேசியப் பாடல்களைப் பாடினார். 1937-ஆம் வருஷத் தேர்தலில் சத்தியமூர்த்தியின் அழைப்பை ஏற்றுக் காங்கிரஸ் மேடைகளில் முழங்கினார். தலைவர்களின் பிரசங்கம் எட்டாத உள்ளங்களையும் அவர் பாட்டு எட்டியது. பின்னர் சென்னைச் சட்ட மேலவையில் அங்கத்தினரானார். சினிமாக் கலைஞர் சட்டசபை புகுதல் அந்நாளில் புதுமையாகும்.

1953-இல் வெளிவந்த ஔவையார் படத்தில் அவர் ஏற்ற வேடம் தமிழர் மனத்தில் ஔவையின் உருவமாகவே நிலைத்தது. பூம்புகாரில் கவுந்தியடிகளாகவும், திருவிளையாடலில் மீண்டும் ஔவையாகவும் தோன்றினார். 1969-ஆம் ஆண்டின் துணைவன் படத்தில் பாடியதற்குத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன. 1980-இல் அவர் காலமானார்.

இச்சரிதத்தில் நாம் போற்றுவது குரலை மட்டுமன்று. ஊதியம் கேட்பது பேராசை என்றும், நிபந்தனை விதிப்பது அகம்பாவம் என்றும் உழைக்கும் பெண்களுக்கு இன்றும் உபதேசிப்பார் உளர். சுந்தராம்பாள் இரண்டையும் செய்தார். அதனால் அவர் கௌரவம் குன்றவில்லை, உயர்ந்தது. அவரைக் கொண்டாடும் நாம், சுங்குவார்சத்திரத்துப் பெண் தன் உழைப்புக்குரிய விலையையும் மரியாதையையும் கேட்கும்போது செவிசாய்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அன்றேல் நமது கொண்டாட்டம் வெறும் கரகோஷமேயாகும்.