கணித மேதை இராமானுஜன்

ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜனின் பெயரைக் கேளாத மாணவர் நம் இராகலையில் இலர். அவர்தம் தந்தையார் துணிக்கடையொன்றில் கணக்கெழுதிக் குடும்பம் காத்தவர்.

பள்ளிப் பருவத்தில் மேல்வகுப்பு மாணவரொருவர் அவரைச் சோதிக்க எண்ணி ஒரு கணக்கைக் கொடுத்தார். எண்கள் இரண்டு. முதலாவதன் வர்க்கமூலத்தோடு இரண்டாவதைக் கூட்டின் 7. முதலாவதோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டின் 11. அரை நிமிடத்தில் 9, 4 என விடை வந்ததென்பர்.

இதன் அருமையை உணர, நம் வகுப்பிற் பயிலும் எளிய கணக்கொன்றை முதலில் நினைவுகூர்வோம். தோட்டத்துப் பீலியினின்று நீர் வளைந்து விழும் பாதை பரவளைவாகும். பரவளைவொன்றில் உயரம் கிடைத்தூரத்தின் வர்க்கமெனவும், நேர்கோடொன்றில் உயரம் கிடைத்தூரத்திலும் 2 கூடியதெனவும் கொள்வோம். இரண்டும் வெட்டுமிடத்தில் உயரங்கள் சமம். ஆகவே தூரத்தின் வர்க்கத்தைத் தூரத்தோடு 2 கூட்டியதற்குச் சமனாக்க, இருபடிச் சமன்பாடு பிறக்கும். அதன் மூலங்கள் 2, −1, வெட்டுப்புள்ளிகளும் இரண்டே. இரு மூலங்களும் ஒன்றாயின் கோடு தொடலியாகும். மெய்ம்மூலம் இல்லையேல் கோடு வளைவைத் தீண்டாது செல்லும். வரைபடத்தாளைக் கண்ணால் அளந்து 'ஏறக்குறைய' என்றெழுதும் தம்பிமார் அட்சரகணிதத்தின் இத்திட்பத்தை மனங்கொள்க.

இராமானுஜனுக்கு வாய்த்தவையோ இரு பரவளைவுகள். வர்க்கமூலங்களையே தெரியாக் கணியங்களாகக் கொண்டு ஒன்றை மற்றதிற் பிரதியிட்டால் நாற்படிச் சமன்பாடு எதிர்நிற்கும். 3, 2 என உய்த்துணர்தல் எளிது. முறைப்படி தீர்த்தல் கடிது. 1902இல் முப்படிச் சமன்பாட்டின் தீர்வைப் பிறர் காட்டக் கண்டவர், நாற்படிக்குத் தாமே வழி கண்டார். ஐம்படிக்கும் முயன்றார். அது பொதுமுறையில் அவ்வாறு தீராதென முன்னரே நிறுவப்பட்டதை அவருக்கு எடுத்துரைப்பார் இலர்.

1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புலமைப்பரிசில் பெற்றார். பிற பாடங்களைப் புறக்கணித்ததால் அதனை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. ஆசிரியத் தொழில் புரிந்த எமக்கு இப்பகுதியை எழுதுங்கால் நெஞ்சு உறுத்துகின்றது. அத்தகையானொருவன் எம் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்திருப்பின், யாமும் அவனுக்குச் சிவப்பு மையால் கோடிட்டே அனுப்பியிருப்போம்.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா வேதனத்தில் இலிகிதரானார். 1913 ஜனவரியில் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914இல் கேம்பிறிட்ஜ் சென்றார். 1918இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். நோயுற்றுத் தாயகம் மீண்டபின்னும் எழுதுகோலை வைத்தாரல்லர். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்திலும் புதுவகைச் சார்புகளைக் கண்டமை கூறினார். அவ்வாண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னையிற் காலமானார். அப்போது அவருக்கு அகவை 32.