தென்காசி கண்ட பராக்கிரம பாண்டியன்

தென்பாண்டி நாடு திருக்கோயில்கள் மலிந்த திருநாடு. அரியும் அரனும் ஒருருவாய் நின்று காட்சி நல்கும் சங்கரன்கோவிலை உக்கிர பாண்டியன் எடுப்பித்தான் என்று தலவரலாறு கூறும். இத்தலத்தை வழிபட்டுத் தென்மேற்கே செல்லும் அடியார், சித்திராநதிக் கரையில் மற்றொரு பாண்டியனுடைய பெருங்கோயிலைக் காண்பர். அதுவே தென்காசி விசுவநாதர் ஆலயம். அதனைக் கட்டுவித்த அரிகேசரி பராக்கிரம பாண்டியனின் வரலாறு, குடமுழுக்கு நன்னாளில் அடியார்கள் சிந்திக்கத் தக்கதாகும்.

இப்பேரரசன் கி.பி. 1422 முதல் 1463 வரை அரசாண்டான். அக்காலம் பாண்டியர்க்கு உயர்ந்த காலமன்று. 14ஆம் நூற்றாண்டில் நேர்ந்த படையெடுப்புகளால் மதுரை அவர்கள் கையை விட்டு நீங்கிற்று. முத்துக் குளிக்கும் கடலும் முச்சங்க நகரும் ஆண்ட மரபு, பொதிய மலைச் சாரலில் ஒரு சிறு நிலப்பரப்பைக் கொண்டு அமைந்தது. செல்வம் குறைந்த அந்நாளிலும் இறைவன் திருப்பணியில் அவன் உள்ளம் குறையவில்லை.

வடகாசிக்கு யாத்திரை செல்வோர் பலர் வழியிலேயே உயிர் துறந்தனர். அவர்கள் பொருட்டுத் தென்னாட்டிலேயே ஒரு காசியை அமைக்குமாறு சிவபெருமான் அரசன் கனவில் தோன்றிப் பணித்தார் என்பது செவிவழி வரலாறு. எறும்புச் சாரை ஒன்று வழிகாட்ட, அதனைத் தொடர்ந்து சென்று செண்பக வனத்தில் இலிங்கத் திருவுருவைக் கண்டான் என்றும் கூறுவர்.

கி.பி. 1446இல் ஆலயத் திருப்பணி தொடங்கிற்று. 17 ஆண்டுகள் அது நடைபெற்றது. கருவறையும் அர்த்த மண்டபமும் மகா மண்டபமும் முறையே எழுந்தன. உலகம்மைக்குத் தனிக்கோயில் அமைந்தது. பின்னர் ஒன்பது நிலை இராஜகோபுரப் பணியை மன்னன் மேற்கொண்டான். ஆயினும் அது நிறைவெய்தும் முன்னரே, 1463இல் சிவனடி சேர்ந்தான். அவனுக்குப் பின் அவன் தம்பி குலசேகர பாண்டியன் அப்பணியைத் தொடர்ந்து முடித்தான் என்பர்.

தான் எடுத்த கோபுரத்தின் உச்சியில் கலசம் ஏறுவதைக் காணும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை. ஆனால் அதனினும் அரிய செயல் ஒன்றை அவன் செய்து சென்றான். கட்டிய கோயில் காலத்தால் பழுதுறும் என்பதை நன்கு அறிந்திருந்தான். கல்லின் மேல் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழும் கோபுரத்தில் பறவை இட்ட ஆல் வித்தும் அரச வித்தும் முளைக்கும். வேர் சுதையைப் பிளக்கும், மழைநீர் உட்புகும். அரசுரிமையும் கைமாறும். அந்நாளில் இக்கோயிலைக் காப்பவர் யார்?

பழந்தமிழ் வேந்தர் இதற்கு வழி கண்டிருந்தனர். விளக்கெரிக்கத் திருவிளக்குப்புறமும், பூந்தோட்டத்திற்கு நந்தவனப்புறமும் விட்டாற்போல, ஆலயத்தைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கப் புதுக்குப்புறம் என்ற பெயரால் இறையிலி நிலம் விட்டனர். அறத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற்கு ஆளாவான் என்று கல்லில் பொறித்து அச்சுறுத்துவதும், காப்பவன் அடி தம் தலைமேல் என்று எழுதுவதும் வழக்கம்.

பராக்கிரம பாண்டியன் பணிவின் வழியையே பெரிதும் விரித்தான். தென்காசிக் கோயிலில் பாடல்களாகவே கல்லில் வெட்டுவித்த சாசனத்தில் அவன் உள்ளம் விளங்குகின்றது. இவ்வாலயம் தெய்வச் செயலால் அமைந்ததேயன்றித் தன் செயலன்று என்று அதில் அறிவிக்கின்றான். வருங்காலத்தில் குற்றம் ஏதும் நேர்ந்தால் அதனை நீக்கிக் காப்பவர் யாராயினும், உலகறிய அவரை வணங்குவதாகக் கூறுகின்றான். மேலும் விரிவுசெய்து பேணுவார் அடியில் வீழ்ந்து, அவருக்கு ஏவல் செய்வதாகவும் உறுதி மொழிகின்றான். முடிமன்னன் ஒருவன் இன்னும் பிறவாத திருப்பணிக் கொடையாளர்களின் முன் தலை தாழ்த்தி நிற்கின்றான்!

அவன் அஞ்சியது நிகழ்ந்தது. இராஜகோபுரம் சிதைந்தது. கல்லாலான அடிப்பகுதி மட்டும் எஞ்சி, மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது.

திருப்பணியைக் காக்கும் பொறுப்பும் பல கைகளுக்கு மாறிற்று. 1817ஆம் ஆண்டு சென்னை மாகாணத்து 7ஆம் ரெகுலேஷன், கோயில் அறக்கொடைகள் உரிய வழியில் செலவாகின்றனவா என்றும், கட்டடங்கள் பழுதுபார்க்கப்படுகின்றனவா என்றும் கவனிக்கும் கடமையை ரெவினியூ போர்டாரிடம் ஒப்புவித்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அரசினரை அப்பொறுப்பினின்றும் விலக்கிற்று. பின்னர் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அறநிலைய வாரியம் தோன்றிற்று. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் பொதுநல நிதிக்கு வழி வகுத்தது. வருவாய் மிக்க கோயிலின் உபரிப் பொருள், வருவாயற்ற கோயிலின் திருப்பணிக்கு உதவும் ஏற்பாடு அது. சட்டம் புதிதாயினும் அதன் உட்பொருள் புதுக்குப்புறம் விட்ட முன்னோரின் கருத்தே ஆகும்.

தென்காசிக்கும் நற்காலம் வந்தது. டாக்டர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று உதவ, அடியார் பலரும் பொருள் வழங்க, பழைய கல்லடித்தளத்தின் மேலேயே ஒன்பது நிலைகளும் மீண்டும் எழுந்தன. ஏறத்தாழ 180 அடி உயர்ந்த அக்கோபுரத்திற்கு 1990இல் குடமுழுக்கு நடைபெற்றது. அரசன் வணங்கிக் காத்திருந்த அன்பர்கள் ஐந்து நூற்றாண்டுகள் கழிந்து வந்து சேர்ந்தனர்.

புதுக்கோயில் எடுப்பதினும் பழங்கோயிலைப் புதுக்குதல் பன்மடங்கு புண்ணியம் என்று ஆன்றோர் கூறுவர். கட்டியவன் பெயர் கல்லில் நிற்கும். விரிசலை அடைத்தவன், ஒழுக்கை நிறுத்தியவன், வேரைக் களைந்தவன் பெயர் பெரும்பாலும் நில்லாது. ஆயினும் அவன் இல்லையேல் கல்லும் நில்லாது. இவ்வுண்மையை உணர்ந்தே பராக்கிரம பாண்டியன் அவனைத் தொழுதான்.

ஓர் அகல் நெய் ஈந்தாரும், ஒரு சுமை சுண்ணாம்பு சுமந்தாரும், ஒரு நிலைக்குரிய பொருள் முழுதும் தந்தாரும் அம்மன்னன் தொழுத கூட்டத்தவரே. சங்கரநாராயணர் சந்நிதியிலும் அன்னை கோமதியின் திருமுன்பும் அத்திருக்கூட்டம் வழிவழியாகப் பெருகுக! திருப்பணிகள் இடையறாது ஓங்குக!