மரநோயின் மூலம் கண்ட மேதை

மனிதனுக்கு நோய் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். மாட்டுக்கு வந்தால் கால்நடை மருத்துவரை அழைக்கிறோம். வாய் பேசாத மரத்திற்கு நோய் வந்தால்? அதற்காகவே வாழ்நாளை அளித்தவர் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் ஹார்டிக். தாவரவியல் மாணவனாகிய நான் பாடத்தில் அவரைப் பற்றி ஒரே வரிதான் படித்தேன். அந்த ஒரு வரியில் அடங்காத வாழ்வு அவருடையது.

1839ஆம் ஆண்டு பிரன்சுவிக் நகரில் அவர் பிறந்தார். பாட்டனார் கியார்க் லுட்விக் ஹார்டிக், காட்டியல் துறையின் முன்னோடிகளுள் ஒருவர். தந்தை தியோடர் ஹார்டிக்கும் காட்டியல் அறிஞரே. 1833இல் தந்தையார் அழுகிய மரத்தினுள் நுண்ணிய இழைகளைக் கண்டார். ஆனால் மரம் அழுகுவதால் அவை தாமே தோன்றின என்று கருதிவிட்டார். அழுகல் முதலில், காளான் பிறகு என்பதே அன்று பலரின் எண்ணம்.

மகன் அதைத் தலைகீழாக்கினார். பயிர்நோய்களுக்குப் பூஞ்சையே காரணம் என்று தெ பாரி காட்டிய வழியில் நடந்து, மரத்தை அழுகச் செய்வதும் பூஞ்சையே என்று நிறுவினார். வெளியே தோன்றும் காளானும் உள்ளே பரவும் இழைகளும் ஒரே உயிரின் உறுப்புகள் என்று தெளிவாக்கினார். மரநோய்கள் பற்றிய அவரது முதல் பெருநூல் 1874இல் வந்தது. 1878இல் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவ்வாண்டே வெளிவந்த நூலில், ஒவ்வொரு பூஞ்சையும் மரத்தைத் தனக்கே உரிய முறையில் சிதைப்பதை விளக்கினார். 1882இல் மரநோய்ப் பாடநூலும் தந்து, 1901இல் மறைந்தார்.

தந்தை கண்டார், தனயன் உணர்ந்தார். காண்பது வேறு, உணர்வது வேறு அன்றோ!

நண்பர்களே, இதனால் நம் தோட்டத்திற்கு என்ன பயன்? காரணம் பூஞ்சை என்றால், அது நுழையும் வாசலை நாம் காக்கலாம். ஒடிந்த கிளையும் உரிந்த பட்டையும் வெட்டுண்ட வேருமே அவ்வாசல்கள். கிளையை வெட்டும்போது, அது அடிமரத்தோடு சேருமிடத்திலுள்ள புடைப்பைச் சிதைக்காமல், அதற்குச் சற்று வெளியே கூரிய வாளால் அறுக்க வேண்டும். முளைபோல் நீட்டி விடுவதும் தவறு. வெட்டுவாயில் தார் பூசினால் போதும் என்பாரும் உளர். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. மரமே தன்னுள் சுவர் எழுப்பி அழுகலை அடைக்கிறது என்று அமெரிக்க அறிஞர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் விளக்கினார்.

அடிமரத்தில் தட்டுப்போன்ற காளான் தோன்றினால், உள்ளே அழுகல் வெகுதூரம் பரவியிருக்கக்கூடும். காளானைப் பறித்து எறிவதால் நோய் தீராது. அந்த மரத்தடியில் நாள்தோறும் மாணவர் அமர்வதாயின், காற்று மழைக்கு முன்பே அறிந்தவரை அழைத்துக் காட்டுதல் வேண்டும். நிழல் தந்த மரமே உயிர் கவரும் நிலை வரலாகாது.

மரம் நடுவோரைப் போற்றுகிறோம். நட்ட மரத்தின் நோயறிந்து காப்போரும் போற்றத்தக்கவரே என்பேன்.