கன்னியர் மடத்தில் ஒரு வைத்தியர்

ஆஸ்திரேலியா தேசத்தில் 1887-ம் ஆண்டு பிறந்த மேரி குளோரி அம்மாள், 1910-ல் மெல்போர்ன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். இந்தியாவிலே ஆண் வைத்தியரிடம் செல்லக் கூசிய தாய்மார் பிரசவத்தில் மாண்டுபோவதை 1915-ல் ஒரு சிறு பிரசுரத்தில் வாசித்து, தொழிலை விட்டுப் புறப்படத் துணிந்தார். ஆனால் கன்னியாஸ்திரீகள் வைத்தியம் நடத்த அன்று திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை. துறவு பூண்டால் படித்த படிப்பு வீண்! பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் விசேஷ உத்தரவளித்தார். 1920-ல், நமது காஞ்சியும் சேர்ந்திருந்த சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்து, சேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். நோயாளிகளைப் பார்த்ததோடு, உள்ளூர்ப் பெண்களுக்கு மருத்துவச்சி வேலையும் மருந்து கலக்கவும் பழக்கினார். மற்றக் கன்னியருக்குப் பொதுவான அனுமதி 1936-லேதான் கிடைத்தது. 1943-ல் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளுக்கென ஒரு சங்கம் கண்டார். கத்தோலிக்க வைத்தியக் கல்லூரி ஒன்று வேண்டுமென்பது அவர் ஆசை. 1957-ல் பெங்களூரில் மரித்தார். அதே ஊரில் அர்ச். அருளப்பர் வைத்தியக் கல்லூரி 1963-ல் தொடங்கிற்று.