தமிழ் பேசிய முதல் கதாநாயகி: டி.பி. ராஜலட்சுமி

போன மாசக் குழுக் கூட்டத்தில் சேமிப்பும் தவணையும் வசூல் பண்ணி, தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு, ஒரு உறுப்பினர் கண் கலங்கினாங்க. அவங்க மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்ணைப் பற்றித் தெருவில் என்னென்னவோ பேசுகிறார்களாம். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டுக்குத் தளம் போட்டார்கள். அது தெருவுக்கே தெரியும். இருந்தாலும் பேச்சு நிற்கலை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு டி.பி. ராஜலட்சுமி ஞாபகம்தான். மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கன்னு கூட்டமைப்பில் கேட்டபோது, இவங்களைப் பற்றியே எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

ராஜலட்சுமி 1911-ல் திருவையாற்றில் பிறந்தவர். அப்பா பஞ்சாபகேசன், ஊர்க் கர்ணம். ஆசாரமான பிராமணக் குடும்பம். அந்தக் கால வழக்கப்படி, விளையாடுகிற வயசிலேயே கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். வரதட்சணைத் தகராறில் அந்தக் கல்யாணம் நிலைக்கலை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். அப்பாவும் இறந்துபோனார். அம்மாவும் மகளும் பிழைப்பைத் தேடித் திருச்சிக்கு வந்தார்கள்.

அந்தப் பிள்ளைக்கு நல்ல குரல். நாடகப் பெரியவர் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவு கிடைத்து, சாமண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அப்போது மேடையில் பெண் வேஷத்தையே பெரும்பாலும் ஆண்பிள்ளைகள்தான் கட்டினார்கள். வாழாமல் வந்த பெண், அதுவும் அந்தக் குடும்பத்துப் பெண், கூத்தாடப் போனால் ஊர் என்ன பேசியிருக்கும்? நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் அம்மாவுக்கும் சேர்த்துச் சோறு போட்டது அந்த நாடக மேடைதான். பெயர் வந்த பிறகு ஊமைப் படங்களிலும் நடித்தார்.

1931-ல் சினிமா பேச ஆரம்பித்தது. பம்பாயில் ஆலம் ஆரா எடுத்த இம்பீரியல் கம்பெனியே, ஹெச்.எம். ரெட்டி டைரக்‌ஷனில் காளிதாஸ் எடுத்தது. ராஜலட்சுமிதான் கதாநாயகி, ராஜகுமாரி வேஷம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராஜகுமாரி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார், நடுவில் இந்தியும் வரும். இப்போ நம்ம பக்கத்துக் கம்பெனிகளில் ஒரே லைனில் தமிழும் இந்தியும் ஒடியாவும் கேட்குதில்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியையும் ராட்டையையும் பற்றிப் பாட்டு வேறு பாடினார். வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம் அது.

படம் 1931 அக்டோபர் 31-ம் தேதி சென்னை வால்டாக்ஸ் ரோட்டில் இருந்த கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியானது. பின்னாளில் அதுதான் முருகன் தியேட்டர். படப் பெட்டி ரயிலில் வந்து இறங்கியபோது ஜனங்கள் பூப் போட்டு, தேங்காய் உடைத்து, ஊர்வலமாகக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்களாம். குழுவுக்குச் சரக்கு எடுக்க சௌகார்பேட்டை போகும்போது அந்த ரோட்டைத் தாண்டித்தான் போகிறேன். இந்தக் கதை தெரிந்த பிறகு ஒரு நிமிஷமாவது நின்று பார்க்காமல் வந்ததில்லை.

1933-ல் வந்த வள்ளி திருமணம் நல்ல ஓட்டம் ஓடியது. சினிமா ராணி என்று பெயரே வந்துவிட்டது. கூட நடித்த டி.வி. சுந்தரத்தையே கல்யாணம் செய்துகொண்டார். முதல் கல்யாணத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை. இது அவரே பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம்.

சம்பாத்தியம் வந்தது, வீடுகள் வாங்கினார். அதோடு நிற்காமல் சொந்தமாகப் படக் கம்பெனி ஆரம்பித்ததுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. கமலவல்லி என்று அவரே எழுதிய நாவலை 1936-ல் மிஸ் கமலா என்ற படமாக எடுத்தார். மனசுக்குப் பிடித்தவன் ஒருத்தன், கட்டி வைக்கப்பட்டவன் வேறொருத்தன், நடுவில் ஒரு பெண் என்ன செய்வாள் என்கிற கதை. கதை, வசனம், டைரக்‌ஷன், தயாரிப்பு, கதாநாயகி எல்லாம் அவரே. தென்னிந்தியாவில் சினிமா டைரக்ட் செய்த முதல் பெண் அவர்தான். அன்றைக்கு அவருக்கு இருபத்தைந்து வயசுகூட முழுசாக ஆகியிருக்காது. நம்மில் பல பேர் அந்த வயசில் பேங்க் படிவம் நிரப்பவே அடுத்தவர் கையை எதிர்பார்த்து நின்றோம். எழுதுகிற நானும் அதில் ஒருத்தி.

பெண் சிசுவைக் கொல்வது பல இடங்களில் நடந்த காலம். அப்படிச் சாகக் கிடந்த ஒரு பெண் குழந்தையை வாங்கி வந்து தன் பிள்ளையாகவே வளர்த்தார்.

நஷ்டத்தையும் சொல்லணும். தேசபக்தியை வைத்து இந்தியத் தாய் என்று ஒரு படம் எடுத்தார். அரசாங்கத் தணிக்கை விடவில்லை. பெயரை மாற்றி, தாமதமாகி, படம் வந்தபோது போட்ட பணம் திரும்பவில்லை. வாங்கிய வீடுகளை விற்க வேண்டி வந்தது. கையில் இருந்ததை மொத்தமாக ஒரே இடத்தில் போட்டிருக்க வேண்டாமே என்று, குழுக் கணக்கு பார்க்கிற எனக்கு மனசு அடிச்சுக்குது. ஆனால் அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரலை.

அதற்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்தன. புதுக் கதாநாயகிகள் வந்துவிட்டார்கள். 1961-ல் கலைமாமணி விருது கிடைத்தது. 1964-ல் சென்னையில் காலமானார்.

காளிதாஸ் படமும் மிஸ் கமலா படமும் இன்றைக்குப் பார்க்கக் கிடைக்காது. ஒரு பிரதிகூட மிஞ்சலை. மிஸ் கமலா எடுத்த அதே வருஷம் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தைக்கு அவர் வைத்த பெயர் கமலா.