நகரமே வகுப்பறை

நுழையும்முன்

நகரத்தை மாற்றியமைக்க விரும்புவோர் முதலில் அந்நகரத்தை அறிந்துகொள்ள வேண்டும். எளிய உண்மைதான், எனினும், இதனை ஒரு கல்விமுறையாகவே வளர்த்தெடுத்தவர் பேட்ரிக் கெடிஸ். தாவரவியல் பேராசிரியராகிய அவர் நகரமைப்புக் கலையின் ஆசானாக உயர்ந்தார். தஞ்சாவூரின் சந்துகளிலும் நடந்து ஆய்வுசெய்த அப்பேரறிஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குன்றின்மேல் தொடங்கிய கல்வி

பேட்ரிக் கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை படைவீரர். குடும்பம் பெர்த் நகரை அடுத்த குன்றுச்சாரலில் குடியேறியது. தந்தையோடு தோட்டத்தில் பயிரிட்டும் குன்றுகளில் ஏறியும் வளர்ந்த சிறுவனுக்கு ஆறு, வயல், காடு, நடுவே நகரம் என அனைத்தும் ஒரே காட்சியாகத் தோன்றின. ஊரையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் பிரித்துப் பார்க்கலாகாது என்னும் அவரது பிற்காலக் கொள்கைக்கு அக்காட்சியே வித்தாயிற்று.

பள்ளிப்படிப்பு முடிந்தபின் ஒன்றரை ஆண்டு வங்கியில் பணியாற்றினார், தச்சுவேலையும் பழகினார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலச் சேர்ந்தவர், அங்குக் கற்பித்த முறை பிடிக்காமல் ஒரே வாரத்தில் வெளியேறினார். பின்னர் இலண்டனில் ஹக்ஸ்லி என்னும் புகழ்பெற்ற அறிவியலாளரிடம் உயிரியல் பயின்றார். இறுதிவரை அவர் தேர்வெழுதிப் பட்டம் பெறவே இல்லை. ஆயினும், 1888இல் டண்டி பல்கலைக்கழகக் கல்லூரி அவரைத் தாவரவியல் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது.

இருளில் பிறந்த வரைபடம்

1879ஆம் ஆண்டு ஆய்வுக்காக மெக்சிகோ சென்றிருந்தபோது கெடிசின் கண்பார்வை மங்கியது. இருட்டறையில் பல வாரங்கள் அடைபட்டுக் கிடக்க நேர்ந்தது. நுண்ணோக்கியையே நம்பியிருந்த இளம் ஆய்வாளருக்கு அது பேரிடி. ஒருநாள் சன்னலின் சட்டங்களை விரலால் தடவிப் பார்த்தவர், அக்கட்டங்களில் எண்ணங்களை அடுக்கி, ஒன்றற்கொன்று உள்ள உறவை ஆராயலாம் எனக் கண்டார். தாளை மடித்துக் கட்டங்களாக்கிச் சிந்திக்கும் பழக்கம் அன்று தோன்றி, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

பார்வை திரும்பியது, நுண்ணோக்கியில் நெடுநேரம் உழைக்கும் வலிமை மட்டும் திரும்பவில்லை. எனவே, அவரது கவனம் மெல்ல மெல்ல உயிரணுவிலிருந்து மனித வாழ்வை நோக்கித் திரும்பியது. நிலம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் இணைத்தே ஓர் ஊரை ஆராய வேண்டும் என்றார். மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஆற்றுப்பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து, வேட்டுவர், ஆயர், உழவர், மீனவர் ஆகியோரை அவரவர் நிலத்தில் நிறுத்திக் காட்டினார். குறிஞ்சி முதல் நெய்தல் வரை நிலத்தோடு வாழ்வைப் பொருத்திக் கண்ட தமிழ் மரபினர்க்கு இப்பார்வை அயலானதன்று.

நலிந்த தெருவில் ஒரு பேராசிரியர்

1886இல் கெடிஸ் ஆனா மோர்ட்டனை மணந்தார். இருவரும் எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதியில், வசதி படைத்தோர் கைவிட்டுச் சென்ற நெரிசலான குடியிருப்பு ஒன்றில் குடியேறினர். அண்டை வீட்டாருடன் சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். குப்பை மேடுகளை அகற்றித் தோட்டங்கள் அமைத்தனர். பாழடைந்த கட்டடங்களைச் செப்பனிட்டு மாணவர் விடுதிகளாக்கினர். அவ்விடுதிகளை மாணவர்களே நிருவகித்தனர். இடித்துத் தள்ளாமலேயே ஒரு தெருவுக்கு உயிரூட்ட முடியும் என்பதை அப்பணி மெய்ப்பித்தது.

1892இல் அதே பகுதியில் உயர்ந்த கட்டடம் ஒன்றைப் பெற்று, அதனைக் காட்சிக் கோபுரமாக மாற்றினார். அதன் உச்சியிலுள்ள இருட்டறையில், ஆடிகளின் உதவியால் வெளியே இயங்கும் நகரம் ஒரு மேசையின்மேல் உயிரோட்டத்துடன் விழும். மாணவர் முதலில் அங்கே ஏறித் தம் நகரைக் காண்பர். பின்னர் ஒவ்வொரு தளமாக இறங்கி எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, உலகம் எனத் தம் அறிவை விரித்துக்கொண்டே வருவர். வீட்டு வாயிலில் தொடங்கி உலகம்வரை செல்வதே கல்வி என்னும் கருத்தைக் கட்டட வடிவிலேயே அவர் அமைத்துவிட்டார். கட்டடக்கலைஞர் பிராங்க் மியர்ஸ் கெடிசுடன் இணைந்து பணியாற்றி நகரமைப்பாளராக வளர்ந்தவர்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

பல நாட்டு நகரங்களின் படங்களையும் வரைபடங்களையும் திரட்டிக் கெடிஸ் ஒரு நகரக் கண்காட்சியை உருவாக்கினார். அதனை இந்தியாவிற்குக் கொண்டுவருமாறு சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் அழைத்தார். 1914இல் கெடிசும் மூத்த மகன் அலாஸ்டரும் புறப்பட்டனர். கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் அதனைக் கடலில் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் அழிந்தது. கெடிஸ் தளர்ந்துவிடவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915ஆம் ஆண்டு தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

தஞ்சாவூரில் ஒரு பாடம்

சென்னை மாகாணத்தின் நகரங்களை ஆய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு கெடிசுக்குக் கிடைத்தது. அவ்வாறு அவர் ஆய்ந்த ஊர்களுள் தஞ்சாவூரும் ஒன்று. கோட்டைப் பகுதியின் நெரிசலைக் குறைக்க, வீடுகளை ஊடறுத்து நேரான சந்துகள் அமைக்கும் திட்டம் அங்கே ஆயத்தமாக இருந்தது. வரைபலகையில் அது ஒழுங்காகத் தோன்றியது. ஆனால், அந்நேர்கோடுகள் கடந்துசெல்லும் இடங்களிலெல்லாம் மக்கள் குடியிருந்தனர். ஒரு கோட்டின் வசதிக்காக ஒரு குடும்பம் வீடிழக்கலாமா என்பதே கெடிஸ் முன் நின்ற வினா.

அவர் ஒவ்வொரு சந்தாக நடந்து பார்த்தார். வெற்று மனைகளையும், மிகவும் சிதைந்த வீடுகளையும், நிழல்தரும் மரங்களையும் குறித்துக்கொண்டார். பழைய சந்துகளையே சற்று அகலப்படுத்தி, வெற்று மனைகளை அவற்றோடு இணைத்து, சீர்ப்படுத்தவே இயலாத சில வீடுகளை மட்டும் அகற்றினால் ஒவ்வொரு வீட்டிற்கும் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும் எனக் காட்டினார். செலவும் குறையும், பலர் வீடிழக்க நேராது. இம்முறைக்குப் பாதுகாக்கும் அறுவை மருத்துவம் எனப் பெயரிட்டார். நோயை அறியாமல் கத்தியை எடுக்கும் மருத்துவரைப் போன்றவர் கள ஆய்வின்றித் திட்டமிடுபவர் என்பது அவர் கொள்கை.

இழப்பும் எழுச்சியும்

1917ஆம் ஆண்டு அவரது வாழ்வில் துயரம் சூழ்ந்தது. ஏப்ரலில், பிரான்சின் போர்க்களத்தில் அலாஸ்டர் உயிரிழந்தார். அப்போது ஆனா இந்தியாவில் நோயுற்றிருந்தார். தாயுள்ளம் தாங்காது என்றெண்ணிய கெடிஸ் அச்செய்தியை மறைத்து, மகனின் பழைய கடிதங்களையே மனைவிக்குப் படித்துக் காட்டினார். சூன் திங்களில் ஆனாவும் கல்கத்தாவில் மறைந்தார்.

துயரத்தினூடே இந்தூர் நகருக்கான திட்டப்பணியை அவர் தொடர்ந்தார். அங்குக் கொள்ளைநோய் பரவியிருந்தது. தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் செல்லாது, மிகத் தூய்மையாக வைத்திருக்கப்படும் தெருக்களின் வழியே செல்லும் என அறிவிக்கச் செய்தார். தெருதோறும் மக்கள் குப்பைகளை அகற்றினர், வீடுகளைப் புதுப்பித்தனர். ஊர்வலத்தில் தூய்மைப் பணியாளர்கள் புத்தாடையும் மாலையும் அணிந்து பெருமிதத்துடன் நடந்தனர். ஒரு நகரமே மாணவராக மாறிக் கற்ற பாடம் அது.

நிலைத்த மரபு

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியரானார். பம்பாய் நகரைப் பற்றி அவருக்குக் கட்டுரை எழுதித் தந்த மாணவர் கோவிந்த் சதாசிவ் குர்யே, பிற்காலத்தில் இந்தியச் சமூகவியலின் முன்னோடியாக உயர்ந்தார். 1925இல் டெல் அவிவ் நகருக்கான திட்டத்தைக் கெடிஸ் வகுத்தார். பிரான்சின் மான்ட்பெல்லியே நகரில் கல்லூரி நிறுவி, அங்கேயே 1932 ஏப்ரல் 17ஆம் நாள் மறைந்தார்.

இன்று கட்டடக்கலைக் கல்லூரிகளில் நகர வடிவமைப்புப் பயிலும் மாணவர்கள், ஸ்டுடியோ எனப்படும் செய்முறை வகுப்பில் ஒரு தெருவையோ சந்தையையோ தேர்ந்தெடுக்கின்றனர். அங்கே நடந்து, அளந்து, வாழ்வோரிடம் கேட்டறிந்த பின்னரே வரையத் தொடங்குகின்றனர். ஒரு கோட்டை வரையுமுன் அக்கோட்டின் கீழே யார் வாழ்கிறார் எனக் கேட்கும் அப்பண்பில் கெடிஸ் இன்றும் ஆசிரியராக நிற்கிறார்.