பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ்

நகரங்களை அமைத்தோர் உலகிற் பலர். அந்நகரங்களின் இருண்ட சந்துகளில் வளரும் ஏழைச் சிறுவரை நினைந்து அமைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஸ்காத்லாந்து தேசத்துப் பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ். நம் தஞ்சையையும் மதுரையையும் நேரிற் கண்டு ஆராய்ந்தவராதலின், அவர் சரித்திரம் நமக்கு அயலார் சரித்திரமன்று. அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இவர் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பாலட்டர் என்னும் ஊரிற் பிறந்து, பெர்த் நகரத்தருகே வளர்ந்தார். தந்தையார் படைச் சேவையினின்று ஓய்வு பெற்றவர். அவர் பேணிய தோட்டமே மைந்தனுக்கு முதற் பள்ளிக்கூடமாயிற்று. பின்னர் லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிர்நூல் பயின்றார். 1879-இல் மெக்ஸிகோ நாட்டில் ஆராய்ச்சி செய்கையில் இவர் கண்ணொளி சில காலம் மறைந்தது. பார்வை மீண்டும், நுண்ணோக்கியை நெடுநேரம் கையாள இயலவில்லை. செடிகொடிகளின் வாழ்வை ஆராய்ந்த அறிவு அதன்பின் மக்கள் வாழும் இடங்களை ஆராய்வதிற் சென்றது.

1886-இல் அன்னா மார்ட்டன் அம்மையாரை மணந்தார். நல்ல வீதியில் வாழும் வசதியிருந்தும், தம்பதிகள் எடின்பரோவின் பழம்பகுதியில், அழுக்கும் நெருக்கமும் மிகுந்த ஜேம்ஸ் கோர்ட்டு என்னும் குடியிருப்பிற் குடிபுகுந்தனர். அயலாரோடு கூடித் தூய்மை செய்தனர், சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், சன்னல்தோறும் பூச்செடி வைத்தனர். 1887 முதல் 1899 வரை கோடை விடுமுறைகளில் இவர் நடத்திய கூட்டங்களுக்குப் பல நாட்டு மாணாக்கரும் ஆசிரியரும் வந்தனர். அங்கே ஏட்டுப் படிப்போடு ஓவியமும் கைத்தொழிலும் ஊர்சுற்றி ஆராய்தலும் ஒருங்கே நிகழ்ந்தன. மூளைக்கு மட்டும் உணவிட்டு, உள்ளத்தையும் கையையும் பட்டினி போடும் கல்வி கல்வியாகாது என்பது இவர் கொள்கை.

அக்கொள்கை மண்ணில் முளைத்த கதையே நம் உள்ளத்தைக் கவர்வது. இவர் நிறுவிய நோக்குக் கோபுரத்தைச் சார்ந்த குழுவினர், பழைய எடின்பரோவில் வீணே கிடந்த வெற்றிடங்களை எண்ணினர். எழுபத்தைந்து துண்டுகள், ஏறக்குறைய பத்து ஏக்கர் தேறின. இடிபாடும் குப்பையும் நிறைந்த அவற்றுட் சிலவற்றை இவர் புதல்வியார் நோரா முன்னின்று தோட்டங்களாக்கினார். அச்சேரிச் சிறுவர்கள் அங்கே விளையாடினர், செடி வளர்த்தனர். அத்தோட்டங்களுட் சில இன்றும் பசுமையோடு விளங்குகின்றன.

1914-இல் சென்னை கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று இவர் இந்தியாவுக்கு வந்தார். இவருடைய நகரக் கண்காட்சிப் படங்கள் ஏற்றிய கப்பலை எம்டன் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு கடலிற் போயிற்று. எனினும் நண்பர் உதவியால் புதிய தொகுதி சேர்ந்து, 1915-இல் சென்னையிற் கண்காட்சி நடைபெற்றது. தஞ்சை, மதுரை முதலிய ஊர்களை ஆராய்ந்து இவர் அறிக்கைகள் எழுதினார். நெருக்கம் தீர்க்கவென்று ஏழைகளின் வீடுகளை வரிசை வரிசையாய் இடித்துத் தள்ளுவதை வன்மையாய் எதிர்த்தார். நல்ல வைத்தியன் உறுப்பைக் காத்து நோயை நீக்குதல்போல, பாழடைந்த சுவர்களை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் மரம் வைத்துச் சிறுவர்க்கு விடுக என்றார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க வேண்டா, மீனும் வாத்தும் விடுக என்றும் அறிவுறுத்தினார்.

1917-ஆம் ஆண்டு இவருக்குப் பேரிடியாய் அமைந்தது. மூத்த மைந்தர் அலாஸ்டர் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். கல்கத்தாவில் நோயுற்றுக் கிடந்த மனைவியாரிடம் அச்செய்தியை இவர் உரைக்கவில்லை. மைந்தரின் பழைய கடிதங்களையே படித்துக் காட்டிவந்தார். சில வாரங்களில் அம்மையாரும் மறைந்தார். அத்துயரோடு இந்தூருக்குச் சென்றவர், அவ்வாண்டுத் தீபாவளியை ஊர்த் தூய்மைப் பெருவிழாவாக்கினார். ஊர்வலம் தூய்மை மிக்க தெருக்களின் வழியே செல்லுமென அறிவித்தமையால் மக்கள் தத்தம் தெருவைத் துப்புரவாக்கினர். தோட்டிகள் வெள்ளாடையும் மாலையும் அணிந்து ஊர்வலத்திற் பெருமிதத்தோடு நடந்தனர்.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியராய்ப் பணிபுரிந்தார். பின்னர்ப் பிரான்சில் மான்பெல்லியே நகரில் தோட்டம் சூழ்ந்த கல்லூரியொன்றை நிறுவி, அங்கேயே 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் மறைந்தார்.

மேலநீலிதநல்லூரில் வளரும் சிறுவர்க்கு மண் புதிதன்று. ஆயின் நம் மாணாக்கருட் பலர் நாளை பெருநகரங்களில் நெருக்கமான தெருக்களிற் குடியேறுவர். ஆங்கே குப்பை மண்டிய ஒரு சிறு துண்டு நிலத்தைக் காணுங்கால், இப்பெரியாரை நினைப்பாராக. தெருச் சிறுவர் நால்வரை அழைத்து, ஒரு கோடை விடுமுறையில் அதனைக் கொத்தித் தண்ணீர் ஊற்றத் தொடங்கின், அதுவே நாம் அவருக்குச் செய்யும் கைம்மாறு.